மாதம் தவறாத பணம்

சேலம், நாமக்கல் சமவெளியில் பெரும்பாலான வருமானங்களுக்கு நாள் குறிக்க முடியாது. முட்டை விலை நாளுக்கு நாள் மாறும். குச்சிக்கிழங்குக்கு மாவுச்சத்தின் பாயிண்ட் கணக்கில்தான் விலை. பாயிண்ட் குறைந்தால் ஓர் ஆண்டு வெள்ளாமையின் கணக்கே மாறிப்போகும். பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடி விசைத்தறிகள் நூல் விலையைப் பார்த்து ஓடும், இல்லையென்றால் நிற்கும். நாமக்கல் லாரிக்கு லோடு ஏறிய அன்றுதான் வாடகை. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி, வடக்கே மழை பிடித்துக்கொண்டால் வேலையில்லாமல் நிற்கும். இப்படி ஏற்ற இறக்கத்திலேயே பிழைக்கும் ஒரு வட்டாரத்தில், மாதம் பிறந்தால் கைக்கு வந்துவிடும் என்று நம்பக்கூடிய பணம் கொஞ்சம்தான். அரசுச் சம்பளம் ஒன்று. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை இன்னொன்று. இவற்றுக்கு நடுவே, நகரத்துக் காலனி முதல் கிராமத்துக் கடைசித் தெருவரை வெவ்வேறு அளவில் பரவியிருப்பது ஓய்வூதியம்.

ஓய்வூதியம் பற்றிய பொதுப் பேச்சு எப்போதும் கோட்டையிலிருந்து, செலவுக் கணக்காகவே தொடங்குகிறது. 2025–26 வரவு செலவுத் திட்டத்தில் ஓய்வூதியத்துக்கும் ஓய்வுக்காலப் பலன்களுக்கும் தமிழக அரசு ஒதுக்கியது சுமார் 41,000 கோடி ரூபாய். சம்பளத்துக்கு ஒதுக்கியது சுமார் 90,000 கோடி. வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தால் வேலையை முடித்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகப் போகிறது. இந்தக் கணக்கு சரிதான், ஆனால் அது பாதிக் கணக்கு. கருவூலத்தை விட்டுக் கிளம்பிய பணம் எந்த ஊரில் இறங்குகிறது, யார் கையில் எத்தனை நாள் தங்குகிறது, யாருடைய நட்டத்தை ஏற்றுக்கொள்கிறது என்பது மறுபாதி. அதைப் பார்க்கச் சமவெளியின் ஊர்களுக்குத்தான் வர வேண்டும்.

இங்கே ஓய்வூதியம் பெறுகிறவர்கள் ஒரே இனம் கிடையாது. மேல் படியில் அரசு ஓய்வூதியர்கள்: பள்ளி ஆசிரியர்கள், வருவாய்த் துறையினர், மின்வாரியத்தார், ரயில்வேக்காரர்கள். சேலம் சந்திப்பு இருக்கும் சூரமங்கலத்தைச் சுற்றி ரயில்வே குடும்பங்கள் தலைமுறைகளாகத் தங்கியிருக்கின்றன. 2007 நவம்பர் 1இல் சேலம் தனிக் கோட்டமானதற்கு வெகு காலம் முந்தைய குடியிருப்பு அது. இவர்களில் பழைய திட்டத்தில் இருப்பவருக்குக் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். 60,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தோடு ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு 30,000. அதன்மேல் ஆண்டுக்கு இருமுறை ஏறும் அகவிலைப்படி. அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். இதை அரசின் தயவாகக் கருதக் கூடாது, உழைப்புக்கு ஈடான உரிமையாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17இல் தீர்ப்பளித்தது. ஓய்வூதியர் சங்கங்கள் இன்றும் அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகின்றன.

இரண்டாம் படியில் ஆலைத் தொழிலாளர்கள். 1981இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலை, மேட்டூரின் ரசாயன ஆலைகள், பள்ளிபாளையம் காகித ஆலை, மோகனூர் சர்க்கரை ஆலை, ஊருக்கு ஊர் நூற்பாலைகள் என்று பி.எஃப். பிடித்தம் உள்ள இடங்களில் வேலை பார்த்தவர்கள் இவர்கள். இவர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது 1995 நவம்பர் 16இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். முதலாளி கட்டும் பங்கில் சம்பளத்தின் 8.33 சதவீதம் அதற்குப் போகும். சராசரிச் சம்பளத்தைப் பணிக்கால ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பது சூத்திரம். 10,000 ரூபாய் சம்பளத்தில் 20 ஆண்டு நூற்பாலையில் நின்ற ஒருவருக்கு மாதம் மூவாயிரம் ரூபாய் அளவில்தான் வரும். கணக்கில் கொள்ளும் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000 என்பதால் நல்ல சம்பளம் வாங்கிய உருக்காலைத் தொழிலாளிக்குக்கூட இந்த வகையில் சில ஆயிரங்களே சேரும். அகவிலைப்படி கிடையாது. 58 வயதில் நிர்ணயித்த தொகை 80 வயதிலும் அப்படியே நிற்க, அரிசியும் மருந்தும் ஏறிக்கொண்டே போகும். குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்பது 2014 செப்டம்பரில் வந்த விதி.

கடைசிப் படியில் முதியோர் உதவித்தொகை, ஊர்ப் பேச்சில் ஓ.ஏ.பி. பணம். தமிழ்நாட்டில் இது 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011இல் 1,000 ஆனது. 2023 ஆகஸ்டு முதல் 1,200. நாளொன்றுக்கு 40 ரூபாய். இதில் 60 முதல் 79 வயதுவரை உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான். 2007இல் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயர் சூட்டியபோது இருந்த தொகை இன்றும் மாறவில்லை. கட்டடத் தொழிலாளர், ஓட்டுநர், சுமை தூக்குவோர் ஆகியோரின் நல வாரிய ஓய்வூதியமும் இதே அளவிலேயே இருக்கிறது.

இந்தப் படிகளை வட்டாரத்தின் தொழில் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு முரண் தெரியும். சேலம், நாமக்கல் என்றவுடன் நினைவுக்கு வரும் தொழில்கள் லாரி, ரிக், கோழிப்பண்ணை, விசைத்தறி, சேகோ, வெள்ளிக் கொலுசு. இவற்றில் எதிலும் பெரும்பான்மைத் தொழிலாளிக்குப் பி.எஃப். கணக்கு கிடையாது. லாரி ஓட்டுநருக்குப் படியும் டிரிப் சம்பளமும். தறிக்காரருக்கு மீட்டர் கணக்கில் கூலியும், அதை ஆண்டுக்கணக்கில் கழிக்க வேண்டிய முன்பணமும். கொலுசுப் பட்டறையில் வேலைக்குத் தகுந்த கூலி. வட்டாரத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த உழைப்பு முதுமையில் கடைசிப் படியில்தான் வந்து நிற்கிறது. தொழில் தன் லாபக் கணக்கில் தொழிலாளியின் முதுமையைச் சேர்க்கவில்லை. அதை மகன் வீட்டுக்கும் மருமகளுக்கும் அரசின் 1,200 ரூபாய்க்கும் தள்ளிவிட்டது. முட்டை விலையும் துணி விலையும் மலிவாக இருப்பதில் இந்தத் தள்ளுபடிக்கும் பங்கு உண்டு.

கிராமத்தில் ஓ.ஏ.பி. பணம் பட்டுவாடா ஆகும் நாளைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் பொருளாதாரம் விளங்கும். முன்பு தபால்காரர் மணியார்டராக வீட்டுக்கே கொண்டுவந்தார். இப்போது பல ஊர்களில் வங்கியின் முகவர் கையடக்க இயந்திரத்தோடு ஊராட்சி அலுவலகத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ உட்காருகிறார். பெயர், ஆதார், கட்டைவிரல் என்று வரிசை நகரும். முப்பது ஆண்டு சேகோ பேக்டரியில் கிழங்குத் தோல் சீவியவர், தறிப்பட்டறையில் தார் சுற்றியவர் ஆகியோரின் விரலில் ரேகை தேய்ந்திருக்கும். இயந்திரம் ஏற்க மறுக்கும். விரலை ஈரத்துணியில் துடைத்து வைத்துப் பார்ப்பார்கள். பிறகு அடுத்த விரல். பிறகு அடுத்த கை. “அடுத்த வாரம் வாங்க பாட்டி” என்று முகவர் சொன்னால் அந்த வாரத்துச் செலவு முழுக்கக் கடனுக்குப் போகும். விரல் பதிந்துவிட்டால் 1,200 ரூபாய் அன்று மாலைக்குள் பெரும்பாலும் ஊரிலேயே கைமாறிவிடும். மளிகைக் கடைப் பாக்கி, மருந்துக் கடை, வெற்றிலை பாக்கு, பேரப்பிள்ளைக்குப் பன், மிச்சம் இருந்தால் மகளிர் குழுச் சீட்டு.

சிறு தொகையின் சிறப்பு இதுதான். வறிய கையில் கிடைத்த ரூபாய் சேமிப்பாக உறங்காது. உடனே சரக்காகவும் கூலியாகவும் மாறும். பத்து முதியவர்களின் 12,000 ரூபாய் ஒரு சிற்றூர்க் கடையின் மாதச் சுழற்சியில் கணிசமான பங்கு. ஜப்பானில் இரட்டைப்படை மாதங்களின் 15ஆம் தேதி ஓய்வூதியம் வரும். அன்றைக்கென்றே பெரிய கடைகள் தள்ளுபடி அறிவிக்கின்றன. நம் சந்தைகளில் அறிவிப்பு ஏதும் இல்லாமலே அது நடக்கிறது. பணம் ஏறிய வாரத்தில் கடைக்காரர் பழைய கணக்கு நோட்டைப் பிரித்து வைத்துக்கொள்கிறார்.

இந்தப் பணத்தின் வலிமை தொகையைவிடத் தவறாமையில்தான் இருக்கிறது. மாதம் 30,000 வாங்கும் ஓய்வூதியர் வீட்டுக்கும் இது பொருந்தும். நாமக்கல் பக்கத்தில் ஒரே ஒரு லாரி வைத்திருக்கும் உரிமையாளர் நிறையப் பேர். பைனான்ஸில் எடுத்த வண்டி. மாதம் பிறந்தால் டியூ கட்ட வேண்டும். லோடு கிடைக்காத மாதத்திலும், டயர் வெடித்த மாதத்திலும் டியூ நிற்காது. அப்பா ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றால் அந்த மாத டியூவை அவர் பென்சன் தாங்கும். கோழிப்பண்ணையில் தீவன விலை ஏறி முட்டை விலை இறங்கிய பருவத்திலும் அப்படியே. இப்படிப் பார்த்தால், அரசு மாதாமாதம் போடும் பணம் தனியார் தொழிலின் ஆபத்தைச் சந்தடி இல்லாமல் காப்பீடு செய்கிறது. துணிந்து வண்டி எடுக்கிறவன் பின்னால் துணிய வேண்டிய அவசியமில்லாத ஒரு வருமானம் நிற்கிறது. கொங்கு வட்டாரத்தின் தொழில் துணிச்சலைப் புகழ்கிறவர்கள் இந்தத் தாங்குதலைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

கடன் கொடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பென்சன் வரும் வீடு என்றால் மளிகைக் கடையில் நோட்டு திறப்பது எளிது. வங்கிகள் ஓய்வூதியத்தின் மீதே கடன் தருகின்றன. கடனுக்காக ஓய்வூதியத்தை ஜப்தி செய்யக் கூடாது என்று 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றத்துக்குப் போகாத வட்டிக்காரருக்குச் சட்டம் குறுக்கே வருவதில்லை, ஏ.டி.எம். அட்டையையும் பாஸ்புக்கையும் வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

மாதப் பணத்தின் கதை இது. ஓய்வு பெறும் நாளில் கிடைக்கும் மொத்தப் பணத்தின் கதை வேறு. பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், பி.எஃப்., இவற்றோடு ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டியே விற்றுக் கிடைக்கும் தொகை. 30,000 ஓய்வூதியத்தில் 10,000ஐ விற்றால் அறுபது வயதில் ஒன்பது, பத்து லட்சம் கைக்கு வரும். வாழ்நாள் முழுக்கச் சம்பளத்துக்குள் அடங்கி வாழ்ந்தவர் கையில் முதன்முறையாகப் பெரிய தொகை சேரும் தருணம் அது. சேலத்திலும் நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் வீட்டுமனைக்காரர், நகைக்கடை, கல்யாண மண்டபம், பைனான்ஸ் என்று அந்தத் தருணத்துக்காகக் காத்திருப்பவர் பலர். புறநகர் மனைகளின் விலையேற்றத்தில் இந்தப் பணத்துக்கும் பங்குண்டு.

பைனான்ஸ் இந்த வட்டாரத்தின் இன்னொரு முதன்மைத் தொழில். லாரிக்கும் ரிக்குக்கும் தறிக்கும் வங்கி கொடுக்கத் தயங்கிய காலத்தில் முதல் கொடுத்தவை உள்ளூர் நிதி நிறுவனங்கள். அந்த முதலில் ஒரு பகுதி ஓய்வு பெற்றவர்களின் வைப்புத்தொகை. நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்பது வங்கி வட்டியைவிட இரு மடங்குக்கு மேல். ஆசிரியரின் சேமிப்பு லாரி சக்கரமாக ஓடி வட்டியோடு திரும்பிய காலமும் உண்டு. திரும்பாமல் போன காலமும் உண்டு. 1990களில் தமிழகமெங்கும் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தபின் வந்ததுதான் 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம். அதன் பிறகும் 2012இல் பெருந்துறையை மையமாகக் கொண்ட ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்கள் முறிந்தன. அதிக வட்டிக்கு ஆசைப்பட்டார்கள் என்று முதலீட்டாளரைப் பழிப்பது எளிது. மருந்துச் செலவு விலைவாசியைவிட வேகமாக ஏறும்போது, வங்கி வட்டியில் முதல் கரைவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் முதியவருக்கு வேறு கணக்கு தோன்றுவதும் இயல்பே.

எச்சரிக்கையானவர்கள் போகும் இடங்கள் வேறு. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2004இல் தொடங்கியது. 2023 ஏப்ரலில் அதன் உச்சவரம்பு 15 லட்சத்திலிருந்து 30 லட்சமானது. தமிழக அரசின் இரண்டு நிதி நிறுவனங்களும் ஓய்வூதியர்களுக்கு நெருக்கமானவை. மின்சார நிதி நிறுவனம் வாங்கும் வைப்பு மின்வாரியத்துக்குக் கடனாகப் போகிறது. போக்குவரத்து வளர்ச்சி நிதி நிறுவனம் வாங்கும் வைப்பு அரசுப் பேருந்துகள் வாங்க உதவுகிறது. அரசு கொடுத்த ஓய்வுக்காலப் பணம், அரசுக்கே கடனாகத் திரும்பி, தறிக்கு மின்சாரமாகவும் ஊருக்குப் பேருந்தாகவும் ஓடுகிறது.

இதே சுற்றுக்குள் ஒரு கசப்பும் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியரின் வைப்புக்குத் தவறாமல் வட்டி போய்ச் சேரும் போக்குவரத்துத் துறையில், அந்தப் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவர்களுக்கு அகவிலைப்படி உயர்வு ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டது, பணப்பலன்களும் தாமதமாயின. 2024 ஜனவரியில் தொழிற்சங்கங்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று ஓய்வு பெற்றவர்களின் அகவிலைப்படி. கடன் கொடுத்தவருக்குத் தர வேண்டியதை அரசால் தள்ளிப்போட முடியாது. தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போட முடிகிறது. தவறாமையே ஓய்வூதியத்தின் உயிர் என்றால், தவறும் ஓய்வூதியம் குடும்பத்தை வட்டிக்காரரிடம் அனுப்பிவைக்கிறது.

உழைப்புச் சந்தையையும் ஓய்வூதியம் தொடுகிறது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தின் விடுதிப் பள்ளிகள், மதிப்பெண்ணுக்காகத் தமிழகமெங்குமிருந்து பிள்ளைகளை இழுத்தவை; ஊர் அவற்றுக்கு வைத்த பெயர் பிராய்லர் பள்ளி. ஓய்வு பெற்ற அரசு ஆசிரியருக்கு இத்தகைய தனியார் பள்ளிகள் வரவேற்பு தரும். அனுபவம் இருக்கும், பென்சன் இருப்பதால் குறைந்த சம்பளத்துக்கும் சம்மதிப்பார். அவருக்கு அது கைச்செலவு. அதே பள்ளியில் பி.எட். முடித்துச் சேரும் இளம்பெண்ணுக்கு அந்தச் சம்பளமே வாழ்க்கை, ஆனால் பேரம் பேச அவருக்கு இடமில்லை. அரசின் ஓய்வூதியம் தனியார் பள்ளியின் சம்பளச் செலவைக் குறைத்துக் கொடுக்கிறது. அதே ஓய்வூதியம் பேரப்பிள்ளையின் கட்டணமாகவும் இன்னொரு வழியில் அதே வகைப் பள்ளிகளுக்குப் போகிறது. கடைசிப் படியில் நடப்பது வேறு. 1,200 ரூபாய் போதாததால் எழுபது வயதிலும் தார் சுற்றுகிறார்கள், ஏ.டி.எம். வாசலில் இரவுக் காவல் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓய்வு என்பது ஏட்டில் மட்டுமே உண்டு.

ஓய்வு வயதை நகர்த்தினாலும் அதன் விளைவு இளையவர்கள்மேல் விழும். தமிழக அரசு 2020 மே மாதத்தில் ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆக்கியது, 2021இல் 60. கொரோனாக் காலத்தில் ஓய்வுக்காலப் பலன்களைக் கொடுக்கும் சுமை தள்ளிப்போனது. கூடவே காலியிடங்களும் தள்ளிப்போயின. போட்டித் தேர்வுப் பயிற்சி நிலையங்களில் காத்திருந்தவர்களுக்கு வயது இரண்டு கூடியது.

வீட்டுக்குள் நடப்பதைக் கணக்கில் சேர்க்காத எந்த மதிப்பீடும் முழுமையாகாது. பாட்டி வீட்டில் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வதால்தான் மருமகள் நூற்பாலைக்கோ பள்ளிக்கோ போக முடிகிறது. அந்த உழைப்புக்குக் கூலி இல்லை; பாட்டியின் கையில் சொந்தமாகக் கொஞ்சம் பணம் இருந்தால் மரியாதை உண்டு. தென்னாப்பிரிக்காவின் முதியோர் ஓய்வூதியத்தை ஆராய்ந்த எஸ்தர் டுஃப்லோ 2003இல் வெளியிட்ட ஆய்வில், பாட்டிக்கு ஓய்வூதியம் வரும் வீடுகளில் பேத்திகளின் உடல்நலம் மேம்பட்டதைக் கண்டார். தாத்தாவுக்கு வந்தபோது அந்த விளைவு தென்படவில்லை. யார் பெயரில் பணம் வருகிறது என்பது அது எங்கே செலவாகும் என்பதையும் தீர்மானிக்கிறது.

எதிர்வாதத்துக்கும் வலு உண்டு. 41,000 கோடி வானத்திலிருந்து விழுவதில்லை. டீசலுக்கும் மதுவுக்கும் பத்திரப்பதிவுக்கும் எல்லோரும் கட்டும் வரி அது. பி.எஃப். இல்லாத லாரி ஓட்டுநர் போடும் டீசலின் வரியிலிருந்து, அவரைவிடப் பல மடங்கு வசதியான ஒருவரின் முதுமைக்குப் பணம் போகிறது. அந்தச் சுமையைக் காரணம் காட்டித்தான் 2003 ஏப்ரல் 1க்குப் பின் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் கொண்டுவரப்பட்டது; ஊழியர் 10 சதவீதம், அரசு 10 சதவீதம். உறுதியான பழைய ஓய்வூதியம் வேண்டும் என்று அன்று முதல் சங்கங்கள் போராடின; மாற்று வழிகளை ஆராய 2025 பிப்ரவரியில் ககன்தீப் சிங் பேடி தலைமையில் அரசு குழு அமைத்தது. இந்த வாதத்தின் இரு தரப்பும் மேல் படியைப் பற்றியே பேசுகின்றன. ஒரு தரப்பு அதைக் குறைக்கச் சொல்கிறது, மறு தரப்பு காக்கச் சொல்கிறது. கடைசிப் படியில் 200 ரூபாய் இத்தனை ஆண்டுகள் அசையாமல் நின்றதற்கு அந்த அளவு சத்தம் எழவில்லை. தறிக்காரருக்கும் ஓட்டுநருக்கும் வேலைநிறுத்தம் செய்ய ஒரே முதலாளி இல்லை என்பது ஒரு காரணம்.

இனிவரும் ஆண்டுகளில் கேள்வி இன்னும் இறுகும். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்பது தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்த இடம். பிள்ளைகள் ஒன்றோ இரண்டோ. அவர்களும் பெங்களூரிலோ சென்னையிலோ. கோழிப்பண்ணையிலும் நூற்பாலையிலும் லாரிப் பட்டறையிலும் காலியான இடங்களுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இளைஞர்கள் வந்துவிட்டார்கள். இவர்கள் இங்கே கொடுப்பது இளமை உழைப்பு. முதுமையை அவரவர் ஊருக்கே எடுத்துப் போவார்கள். ஒரு தலைமுறைக்கு முன் சொந்தத் தொழிலாளியின் முதுமையை வீட்டுக்குத் தள்ளிய தொழில்கள், இப்போது அதை வேறு மாநிலத்துக்கே தள்ளுகின்றன. பி.எஃப். பிடித்தம் இவர்களுக்கும் தவறாமல் நடந்தால் அந்தத் தொகை எந்த மாநிலத்துக்கும் கூடவே போகும்; 2025 ஜனவரி முதல் பி.எஃப். ஓய்வூதியத்தை நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பெறலாம். ஏற்பாடு இருக்கிறது. இல்லாதது, மலிவான முட்டையின் விலைக்குள் அதை உண்டாக்கியவரின் முதுமைக்கும் சில காசுகள் சேர வேண்டும் என்ற ஒப்புதல்.